எல்5-எஸ்1 டிஸ்க் வலி மூணாவது தடவை: மெஷின் வேலையை விடாம சமாளிக்க வழி இருக்குங்களா?

ஊத்துக்குளி வெண்ணெய்:

வணக்கங்க. வீட்டுக்காரருக்காகக் கேக்கறேன். வயசு 39. பனியன் கம்பெனியில ஃபிளாட்லாக் (ஒரு வகைத் தையல் மெஷின்) டெய்லர், பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். வலது இடுப்புல ஆரம்பிச்சு பின்தொடை, கெண்டைக்கால், சுண்டுவிரல் வரைக்கும் இழுக்குது. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டுல எல்5-எஸ்1 (கீழ்முதுகோட கடைசி டிஸ்க் இருக்கற இடம்) வலது பக்கம் டிஸ்க் ப்ரொட்ரூஷன் (பிதுக்கம்), எஸ்1 நரம்பு வேரைத் தொடுதுன்னு போட்டிருக்கு. ஒன்றரை வருஷத்துல இது மூணாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அஞ்சு நாள் மாத்திரை, படுக்கை. வலி குறைஞ்சதும் மெஷின்ல உக்காந்துருவார். நாலஞ்சு மாசத்துல மறுபடியும் அதே கதை.

பெல்ட்டை நாள் முழுக்கப் போடலாமா? வெறுந்தரையில படுக்கணுமா? வீடியோ பார்த்து, குனிஞ்சு கால்விரலைத் தொடற பயிற்சி தினமும் காலையில செய்யறார், அது சரியா? டிஸ்க்கைக் கையால உள்ள தள்ளி விடறாங்கன்னு ஒரு இடம் சொல்றாங்க, போகலாமா? இல்ல ஆபரேஷன்தானா? மெஷினை விட்டா அவருக்கு வேற தொழில் தெரியாதுங்க, அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

நடைவண்டி (பிசியோ):

கால்விரல் தொடறதை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

டிஸ்க்கோட வெளிப்பக்கம் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கான நார் வளையம். உள்ள கொழகொழன்னு ஒரு கூழ். முன்னால குனியறப்ப முன்பக்கம் நசுங்கி, கூழ் பின்பக்கம் தள்ளப்படும். அவருக்கு நார் நைஞ்சிருக்கறதே அந்தப் பின்பக்கம்தான். அதோட முழங்காலை மடக்காம குனிஞ்சா, காலுக்குப் போற நரம்பும் விண்ணுன்னு இழுபடும். புண்ணு மேலயே அழுத்தி, அதே நேரம் கயிறையும் இழுக்கற வேலை அது.

காலையில செய்யறது இன்னும் மோசம். ராத்திரி படுத்திருக்கறப்ப டிஸ்க் தண்ணியை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்து நடமாடற முதல் ஒரு மணி நேரத்துலதான் அந்த உப்பல்ல பெரும்பகுதி வடியும். அதுக்குள்ள குனிஞ்சா நார்ல விழற இழுவை ரொம்ப அதிகம். 1998ல வந்த ஒரு ஆய்வுல, காலையில குனியறதை மட்டும் தவிர்க்கச் சொல்லியே நாள்பட்ட முதுகுவலி குறைஞ்சதைக் காட்டினாங்க.

அடுத்தது "உள்ள தள்றது". டிஸ்க் விலகல்ங்கற பேருதான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம். ஓடு நழுவற மாதிரி அது நழுவறதில்ல. மேல கீழ ரெண்டு எலும்போடயும் ஒட்டிப் பிறந்தது, பிதுங்கத்தான் செய்யும். முதுகுத் தோல்ல இருந்து போனா கனமான தசை, அதுக்கு அந்தப்பக்கம் எலும்பு வளைவு, அப்புறம் நரம்புப் பை, அதையும் தாண்டித்தான் டிஸ்க். எந்த வைத்தியர் விரலும் அங்க எட்டாது. தசை இறுக்கத்துக்கு மெதுவா எண்ணெய் தேய்ச்சுக்கறதுல தப்பில்ல. இடுப்பைத் திருகி 'டக்'குன்னு சத்தம் வர வைக்கறவங்ககிட்ட மட்டும் போகாதீங்க. நரம்பைத் தொட்டுட்டு இருக்கற பிதுக்கத்தை அது இன்னும் வெளிய தள்ளிவிடலாம்.

ரிப்போர்ட்டைப் பார்த்தும் ரொம்பப் பயப்பட வேண்டாம். வலியே இல்லாதவங்களோட ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு. 40 வயசுக்காரங்கள்ல பாதிப் பேருக்கு டிஸ்க் பல்ஜ் (லேசான உப்பல்), மூணுல ஒருத்தருக்கு ப்ரொட்ரூஷன் இருந்துச்சு. ஸ்கேன்ல தெரியறதும் வலி போற பாதையும் பொருந்துதான்னுதான் பார்க்கணும். இவருக்குப் பொருந்துது. கெண்டைக்கால் வழியா சுண்டுவிரல் வரைக்கும் போறது எஸ்1 நரம்போட பாதையேதான்.

அதனால ஒரு சோதனை. சுவத்துல ஒரு கை லேசா தொட்டுட்டு, ஒத்தைக்கால்ல நின்னு, முழங்காலை மடக்காம குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்கச் சொல்லுங்க. இடது கால்ல எத்தனை, வலது கால்ல எத்தனைன்னு எண்ணுங்க. வலியால நின்னுட்டாரா, வலி இல்லாமலே கால் மேல எழும்பலையாங்கறதையும் கவனிங்க. அது ரெண்டும் ஒண்ணில்ல. எண்ணிக்கையை இங்க போடுங்க.

தொடைக்கு நடுவுல, உக்கார்ற இடத்துல மரத்துப்போறது, ஒண்ணுக்கு வராம அடைக்கறது இல்ல தெரியாமலே போயிடறது, மலம் அடக்க முடியாம போறது, ரெண்டு காலும் சேர்ந்து பலம் இழக்கறது... இதுல ஒண்ணு இருந்தாலும் இந்தப் பதிவை மூடிட்டு அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகணும். அங்க மணிக்கணக்குதான் முக்கியம்.

பாபின் கேஸ் (லைன் சூப்பர்வைசர்):

மருத்துவம் எனக்குத் தெரியாதுங்க, மெஷின் தெரியும். வேலையை விடறதுக்கு முன்னாடி உக்கார்ற விதத்தைப் பாருங்க.

பெடல் எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க. முன்னால தள்ளிப் போயிருந்தா வலது கால் நீண்டுதான் அதை எட்டும். கால் நீண்டிருக்கும், இடுப்பு பின்னால சரிஞ்சு முதுகு கூன் போடும், ஊசியைப் பார்க்கறதுக்குத் தலையும் குனிஞ்சிருக்கும். இதே நிலையில உக்கார வச்சுத்தான் பிசியோக்காரங்க நரம்பு இழுக்குதான்னு சோதிக்கறாங்க. அங்க ஒரு நிமிஷம். இங்க நாள் முழுக்க. பெடல் கம்பியோட நட்டைத் தளர்த்தி, பெடலைத் தன் பக்கம் இழுத்து, முழங்கால் செங்கோணத்துக்குக் கொஞ்சம் அதிகமா விரியற இடத்துல வைக்கணும். மெக்கானிக்குக்குப் பத்து நிமிஷ வேலை. தைக்கற பெடல், துணியை அமுக்கற ஃபுட்டைத் தூக்கற பெடல் ரெண்டும் ஒரே கோட்டுல இருக்கணும். ஒண்ணு ஓரமா இருந்தா இடுப்பு நாள் பூரா ஒரு பக்கம் திருகியே இருக்கும்.

அடுத்தது ஸ்டூல். முதுகு சாய இடமில்லாத மர ஸ்டூல்தானே? சாய்மானம் உள்ள சேரைக் கேட்டு வாங்குங்க. உக்கார்ற உயரம், இடுப்பு முழங்காலை விட ரெண்டு மூணு விரல் மேல இருக்கற மாதிரி. பின்பக்கம் உயரமாவும் முன்பக்கம் தாழ்வாவும் ஒரு திண்டு போட்டா, முதுகு தானா நிமிரும். காசு குடுத்து வாங்க வேண்டியதில்ல. கட்டிங் வேஸ்ட்டை இறுக்கி அடைச்சு நம்மளே தைச்சுக்கலாம். அதே வேஸ்ட்டுல கை மொத்தத்துக்கு ஒரு உருளை தைச்சு, பெல்ட் கட்டற இடத்துக்கு நேரா சாய்மானத்துல கட்டி வைங்க. பஞ்சு வேண்டாம், ஒரு வாரத்துல அமுங்கிடும்.

மேஜை, முழங்கை மட்டத்துக்கோ ஒரு விரல் மேலயோ இருக்கணும். ஸ்டாண்ட் கால்ல நாலு பக்கமும் போல்ட் இருக்கு, ஏத்தலாம். யாரும் ஏத்தறதில்ல, அவ்வளவுதான்.

நான் பார்த்த வரைக்கும் முதுகைக் கெடுக்கறது உக்கார்றதை விட பண்டில் எடுக்கறது. கைமடி (டெய்லருக்கு உதவிக்கு இருக்கறவங்க) துணி பண்டிலைத் தரையில இடது பக்கம் போட்டுட்டுப் போயிடுவாங்க. டெய்லர் உக்காந்தபடியே குனிஞ்சு, திரும்பி, எடுப்பார். குனியறதும் திருகறதும் தூக்கறதும் ஒரே வீச்சுல. ஒரு பிளாஸ்டிக் ட்ரேயைக் கவுத்துப் போட்டு அது மேல இன்னொரு ட்ரே வச்சா இடுப்பு உயரம் வந்துடும். பண்டில் அங்கதான் வரணும்னு கைமடிகிட்டச் சொல்லி வைங்க.

பீஸ் ரேட்டுல (தைக்கற எண்ணிக்கைக்குக் கூலி) இருக்கறவங்க "ரெஸ்ட் எடு"ன்னா எடுக்க மாட்டாங்க. முடிச்ச பண்டிலை அவரே எழுந்து போய் செக்கிங் டேபிள்ல வச்சுட்டு வரட்டும். அரை மணிக்கு ஒருக்கா எழுந்த மாதிரி ஆச்சு.

ஊத்துக்குளி வெண்ணெய்:

ரொம்ப நன்றிங்க அண்ணா. மர ஸ்டூல்தான், பண்டிலும் தரையிலதான். தண்ணி எங்களுக்கு விடியக்காலம் வரும், அவர்தான் குடம் தூக்கி டிரம்ல ஊத்துவார். சோதனையை ராத்திரி வந்ததும் செய்யச் சொல்றேன்.

நடைவண்டி (பிசியோ):

பாபின் கேஸ் சொன்ன பெடல் விஷயம் நூத்துக்கு நூறு சரி.

விடியக்காலக் குடம்தான் எனக்கு இப்ப பெரிய சந்தேகம். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைஞ்சா 15 கிலோவுக்குப் பக்கம். டிஸ்க் உப்பியிருக்கற நேரத்துல, குனிஞ்சு, ஒரு பக்க இடுப்புல ஏத்தினா அதுவே போதும். குழாய்ல ஹோஸ் மாட்டி நேரா டிரம்முக்கு விடுங்க. முடியலைன்னா பாதிக் குடம் ரெண்டா ஆக்கி, ரெண்டு கையிலயும் பக்கெட்டாத் தூக்கறது மேல். அதையும் வலி முழுசா அடங்கற வரைக்கும் வேற யாராவது செய்யட்டும். கேஸ் சிலிண்டர் நிறைஞ்சது 30 கிலோகிட்ட வரும். தூக்கவே கூடாது, அடி விளிம்புல சாய்ச்சு உருட்டணும்.

டாய்லெட் இந்தியன் டைப்பா? குந்தி உக்கார்றப்ப கீழ்முதுகு முழுசா வளையும், அதுவும் காலையில. வலி இருக்கற வாரங்கள்ல மேல வைக்கற பிளாஸ்டிக் கமோடு ஸ்டூல் ஒண்ணு வாங்கிப் போடுங்க. முக்கறதும் ஆகாது. மலச்சிக்கல் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும். தும்மல் இருமல் வந்தா குனியாம, சுவத்துல கை ஊன்றி நிமிர்ந்து தும்மணும்.

படுக்கை: வெறுந்தரை வேண்டாம். 2003ல ஸ்பெயின்ல மெத்தையை மட்டுமே வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. ரொம்பக் கெட்டியானதை விட நடுத்தரக் கெட்டி மெத்தையிலதான் வலி அதிகமாக் குறைஞ்சது. குழி விழுந்த பழைய இலவம்பஞ்சு மெத்தையும் ஆகாது. தேங்காய் நார் மெத்தை மேல ஒரு மடிச்ச ஜமுக்காளம் போதும். ஒருக்களிச்சுப் படுத்தா ரெண்டு முழங்காலுக்கு நடுவுல தலையணை. எழுந்திருக்கறப்ப நேரா நிமிரக்கூடாது. ஒருக்களிச்சு, காலைக் கீழ விட்டுட்டு, கையை ஊன்றி எழுந்திருக்கணும்.

பெல்ட்: வண்டி ஓட்டறப்ப, மெஷின்ல உக்கார்றப்பன்னு ரெண்டு மூணு மணி நேரம், முதல் ரெண்டு வாரம் மட்டும். படுக்கறப்ப கழட்டிடணும். மாசக்கணக்குல போட்டுட்டே இருந்தா தசை செய்ய வேண்டிய வேலையைப் பெல்ட் செய்யும்.

படுத்தே கிடக்கறது ஒண்ணு ரெண்டு நாளைக்கு மேல வேண்டாம். வலி உச்சத்துல இருக்கறப்ப மல்லாக்கப் படுத்து, கெண்டைக்கால் ரெண்டையும் நாற்காலி மேல வச்சுப் பத்து நிமிஷம். அப்புறம் எழுந்து வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம் நடை. பகல்ல ஆறேழு தடவை.

கொஞ்சம் தணிஞ்சதும் குப்புறப் படுக்கறதுல தொடங்கலாம். சும்மா குப்புற அஞ்சு நிமிஷம். அது ஒத்துக்கிட்டா முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி ரெண்டு நிமிஷம். அதுவும் ஒத்துக்கிட்டா, இடுப்பு தரையிலயே இருக்க, உள்ளங்கையை ஊன்றி மேல் உடம்பைத் தூக்கி இறக்கறது, பத்து தடவை, ரெண்டு மூணு மணிக்கு ஒருக்கா. நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கென்சி பரப்பின முறை இது. இதுல கவனிக்க வேண்டியது வலி எவ்வளவுங்கறதை இல்ல, வலி எங்க இருக்குங்கறதை. சுண்டுவிரல்ல இருந்த வலி கெண்டைக்காலுக்கு ஏறி, தொடைக்கு ஏறி, இடுப்போட நின்னா நல்ல சேதி, இடுப்பு வலி அப்ப கொஞ்சம் கூடினாலும் சரி. தொடையில இருந்தது பாதத்துக்கு இறங்கினா அந்த அசைவை அங்கயே நிறுத்தணும்.

கால் வலி அடங்கி ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் பலப் பயிற்சி. நாலு கால்ல நின்னு எதிரெதிர் கையையும் காலையும் நீட்டறது, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டுல இடுப்பைத் தூக்கறது, ஒரு காலை மடக்கி மல்லாக்கப் படுத்துத் தலையையும் தோளையும் மட்டும் ஒரு விரற்கடை தூக்கறது. ஒவ்வொண்ணும் 8-10 விநாடி நிறுத்தி, முதல் சுற்று ஆறு, அடுத்தது நாலு, அப்புறம் ரெண்டு. சிட்-அப் வேண்டவே வேண்டாம்.

திரும்ப வராம இருக்கறதுக்குன்னு கேட்டா, நடைக்குத்தான் கையில நல்ல சான்று இருக்கு. 2024ல ஆஸ்திரேலியாவுல 701 பேரை வச்சு ஒரு ஆய்வு. முதுகுவலி குணமானவங்களைப் படிப்படியா நடக்க வச்சாங்க. இலக்கு வாரத்துல அஞ்சு நாள், 30 நிமிஷம். நடக்காதவங்களுக்கு வலி திரும்ப சராசரியா 112 நாள் ஆச்சு, நடந்தவங்களுக்கு 208 நாள். அது பொதுவான முதுகுவலிக்காரங்களை வச்சு நடந்தது, நரம்பு அழுத்தம் உள்ளவங்களுக்கு அதே எண்ணை எடுத்துக்க முடியாது. ஆனாலும் செலவில்லாத வைத்தியம். சாயங்கால டீ இடைவேளையில பத்து நிமிஷம், வீட்டுக்கு வந்து பத்துன்னு ஆரம்பிக்கட்டும்.

பாபின் கேஸ் (லைன் சூப்பர்வைசர்):

வண்டியைச் சொல்ல விட்டுட்டேன். கிக்கர் அடிக்கறது, சென்டர் ஸ்டாண்ட் போடறது ரெண்டும் வேண்டாம். செல்ஃப் ஸ்டார்ட், சைடு ஸ்டாண்ட். வேகத்தடை வந்தா புட்ரெஸ்ட்ல காலை ஊன்றி சீட்டை விட்டுக் கொஞ்சம் எழும்பித் தாண்டணும். பின்டயர்ல காத்து அதிகமா இருந்தா ஒவ்வொரு குழியும் நேரா இடுப்புல ஏறும். தனியாப் போறவருக்கு டபுள்ஸ் அளவு காத்து எதுக்கு?

ஓபி சீட்டு (மருத்துவர்):

மாத்திரை பற்றி யாரும் எழுதவில்லை, அதைச் சொல்கிறேன்.

மெடிக்கலில் "முதுகுவலி செட்" என்று தருவதை வாங்க வேண்டாம். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் எல்லாம் ஒரே குடும்பம். ஒரு கடையில் ஊசி, இன்னொரு கடையில் மாத்திரை என்று போட்டால், பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே போவது இரட்டை அளவு. வயிற்றுப்புண், ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றும் அடிவாங்கும். ஒரு வகை மட்டும், சாப்பிட்ட பிறகு, மருத்துவர் எழுதிய நாட்களுக்கு மட்டும். பெயரில்லாத பொட்டல மாத்திரை போட்டவுடன் வலி பறந்து போனால், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

நரம்பு வலிக்கு என்று ப்ரீகாபலின் பரவலாக எழுதப்படுகிறது. இந்தக் கால் வலிக்கு அது வெற்று மாத்திரையை விட மேலாக வேலை செய்யவில்லை என்று 2017இல் ஒரு நல்ல ஆய்வு காட்டியது. தலைசுற்றல்தான் அதிகம் வந்தது. ஊசி ஓடும் மெஷினில் விரல் வைப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், எழுதியவரிடம் கேட்டுக் குறைக்கவும்.

அறுவை சிகிச்சை கால் வலிக்கானது. முதுகு வலிக்கு அதை நம்பிப் போகக்கூடாது. பெரும்பாலானவர்களுக்குக் கால் வலி 6 முதல் 12 வாரங்களில் தானே தணிகிறது. பிதுங்கிய பகுதியை உடம்பே கரைப்பதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், சின்ன பல்ஜை விட பெரிதாக வெளியே வந்த துண்டுதான் நன்றாகக் கரையும். 2007இல் நெதர்லாந்தில் செய்த ஒப்பீட்டில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவாகப் போனது, ஆனால் ஒரு வருட முடிவில் இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தார்கள். எனவே கால் பலம் குறையாதவரை யோசிக்க நேரம் உண்டு. பலம் குறைந்தால் கணக்கு வேறு. அறுவைக்குப் பிறகும் நூற்றில் 5 முதல் 15 பேருக்கு அதே இடத்தில் மீண்டும் பிதுங்குவதுண்டு. அதே மர ஸ்டூலில் போய் உட்காரக் கூடாது என்பதற்கு இதுவும் காரணம்.

பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது, பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதைத்தான் அது சாப்பிடுகிறது. புகை அந்தக் கசிவையும் குறைக்கிறது.

கம்பெனியில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா? மருத்துவர் சான்று கொடுத்தால், தகுதி இருப்பவருக்கு விடுப்பு நாட்களில் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பிடித்தம் இருந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாளே மெஷினுக்கு ஓடுவது பணத்துக்காக என்றால், முதலில் இதைக் கேளுங்கள்.

ஊத்துக்குளி வெண்ணெய்:

இஎஸ்ஐ இருக்குங்க சார், காசு வரும்னு தெரியாது. சோதனை செஞ்சாச்சு. இடது கால்ல 18. வலது கால்ல 3, அதுவும் பாதி உயரம்தான். வலி இல்லையாம், "கால் கேக்க மாட்டேங்குது"ன்னு சொல்றார். வலது செருப்பு ஒரு மாசமா ஓரத்துல தேயுதுன்னு அவரே இப்பத்தான் சொன்னார். ஒண்ணுக்குப் போறதுல, உக்கார்ற இடத்துல ஒரு குறையும் இல்லைங்க.

ஓபி சீட்டு (மருத்துவர்):

வலியில்லாமல் மூன்றோடு நிற்பது பலவீனம். நள்ளிரவில் ஓட வேண்டிய நிலை இல்லை, ஆனால் 12 வாரம் காத்திருக்கலாம் என்று நான் எழுதியது இவருக்குப் பொருந்தாது. நாளைக்கே போய்க் காட்டுங்கள்; இரண்டு மூன்று நாட்களுக்குள் முதுகுத்தண்டு அறுவை நிபுணர் பார்த்தாக வேண்டும். இஎஸ்ஐ வழியாகப் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரை கேளுங்கள், தாமதமானால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஓபி. போனதும் "வலி" என்று ஆரம்பிக்காமல் "வலது குதிகாலைத் தூக்க முடியவில்லை, 18க்கு 3" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள், மறுபடி எம்ஆர்ஐ கேட்கவும் கூடும். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஃபிலிமோ சிடியோ கட்டாயம் எடுத்துப் போங்கள். பலவீனம் என்றாலே கத்தி என்று அர்த்தமில்லை. எப்போது தொடங்கியது, கூடுகிறதா என்பதைப் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். அதற்குள் கால் பலம் இன்னும் குறைந்தாலோ, சிறுநீரில் மாற்றம் வந்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவு.

நடைவண்டி (பிசியோ):

டாக்டர் பார்க்கற வரைக்கும் நான் எழுதின பயிற்சி எதுவும் வேண்டாம். காலை நாற்காலி மேல வச்சுப் படுக்கறது, வீட்டுக்குள்ள நடை, அவ்வளவுதான். வண்டி வேண்டாம், பஸ்ஸுல நின்னுட்டுப் போறதும் வேண்டாம், ஆட்டோ புடிங்க. குதிகால் எண்ணிக்கையை தினமும் ஒரே நேரத்துல ஒருக்கா மட்டும் எடுத்துக் காலண்டர்ல குறிச்சு வைங்க. அந்தக் காலண்டர் தாளையும் ஃபிலிமோட எடுத்துட்டுப் போங்க.

பாபின் கேஸ் (லைன் சூப்பர்வைசர்):

சான்றிதழ் கையில வந்ததும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினலைக் குடுங்கம்மா. அவர் லீவுல இருக்கறப்பவே மெக்கானிக்கைப் புடிச்சுப் பெடலை மாத்தி வைக்கச் சொல்லுங்க. வந்து உக்காந்துட்டார்னா அப்புறம் பீஸ் எண்ணத்தான் நேரம் இருக்கும்.